ஸ்நோ என்றால் பனி

போன வாரம் ஒரு சாயங்காலம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் எரிந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் மகள் இங்கிலாந்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். கையெல்லாம் வெங்காயச் சாறு. முழங்கையால் தட்டித் தட்டிப் பார்த்து ஒருவழியாகப் போனை எடுத்தேன். “அம்மா, இங்க பாரேன்” என்று போனைத் திருப்பிக் காட்டினாள். தெருவைக் காணோம். காரைக் காணோம். எதிர்வீட்டு மதில் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு. போனை மறுபடி தன் பக்கம் திருப்பினாள். அந்த வெள்ளைக்கு நடுவே என் மகள் முழங்கால் வரை புதைந்துகொண்டு சிரிக்கிறாள். அதைப் பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? “தலையில துண்டக் கட்டுடி, பனி எறங்கிடும்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீயெல்லாம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாய் என்று வெளியில் சொல்லிவிடாதே என்றாள். இருந்தேன்தான். வேப்பந்தட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை அந்த இங்கிலீஷைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் பனி என்ற அந்த ஒரு வார்த்தை ஒரு கோடைகாலம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. அதை நான் மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பாள். நீங்கள் அவ்வளவு சிரிக்கமாட்டீர்கள் என்று நம்பி உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். என் அப்பா ரயில்வேயில் கேங்மேன். தாத்தா காலம்வரை விக்கிரமங்கலத்துப் பக்கம் அடுத்தவர் வயலில்தான் எங்கள் ஆட்களின் வேலை. அப்பா மட்டும் எப்படியோ தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு அரியலூருக்கு வந்துவிட்டார். ஸ்டேஷனுக்குத் தெற்கே லைன் வீட்டில் இருந்தோம். ரயில் போனால் அடுக்களையில் தட்டு முட்டு எல்லாம் பேசும். நான் தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்பாவும் நானும் கல்லூரி ஆபீசில் போய் நின்றபோது, தமிழில் இடம் முடிந்துவிட்டது, இங்கிலீஷ் இலக்கியத்தில்தான் இருக்கிறது என்றார் அங்கே இருந்தவர். நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. “எல்லாம் இலக்கியந்தானுங்களே சார், எந்த இலக்கியமா இருந்தா என்ன” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் இன்னொரு நாட்டுக்கு அனுப்பப்பட்டேன்.

அப்பாவுக்கு அக்கா ஒருத்தி, என் அத்தை, விக்கிரமங்கலத்திலேயே இருந்தாள். அவள் மகனுக்குத்தான் நான் என்று நான் பிறந்த அன்றே பேசி முடித்துவிட்டார்கள். அவர் நல்ல மனிதர். டிராக்டர் ஓட்டுவார், அதிர்ந்து பேசமாட்டார். அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் அத்தை வீட்டைப் பற்றித்தான். அந்த வீட்டில் எருமைகள் அதிகம், அதட்டல் அதைவிட அதிகம். அந்த வீட்டுக்குள் போன மருமகள் ஒருத்தி புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்த்ததாக வரலாறே கிடையாது. நான் கல்லூரிக்குப் போகிறேன் என்றதும் அத்தை வந்து முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று ஒரு பகல் முழுக்கப் பேசினாள். கடைசியில் அப்பா இரண்டு பேரையும் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னார்.

“மூணு வருசம் படிக்கட்டும்க்கா. ஒரே மூச்சுல பாஸ் பண்ணிட்டா மேல வாத்தியாருக்குப் படிக்கட்டும். ஒரு பேப்பர் போனாலும் சரி, ஆவணியில நானே கொண்டாந்து உன் வூட்ல வுட்டுடறேன்.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதற்குள்ளிருந்து ஒரு எருமை தலையை நீட்டிப் பார்த்தது.

வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். நானும் மெஹருன்னிசாவும். மெஹர் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அத்தா, அதாவது அப்பா, அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். பஸ் தாமதமானால் அவள் வரும்வரை நான் வகுப்புக்குள் போகாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன். தனியாக உள்ளே போக எனக்கு அவ்வளவு பயம். அவளுக்குப் பயம் என்ற ஒன்று படைக்கப்படவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சார் கேள்வி கேட்டால் தெரியாவிட்டாலும் எழுந்து ஏதாவது சொல்லுவாள். தப்பென்று சார் சொன்னால் “சரி சார்” என்று உட்கார்ந்துவிடுவாள். அதெப்படி முடிகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதுக்காரர். வெளியூர். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நெட்டுக்கு வாசிப்பார். நாங்கள் அவரைப் பார்த்துப் பயந்தோம், அவர் எங்களைப் பார்த்துப் பயந்தார் என்று இப்போது தோன்றுகிறது. திடீரென்று நின்று யாரையாவது எழுந்து வாசிக்கச் சொல்லுவார். குனிந்து உட்கார்ந்தால் கூப்பிடுவார் என்று நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், அப்போதும் கூப்பிட்டார். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன், தூணுக்குப் பின்னால் யார் என்று கேட்டார். எழுந்து நின்றால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும்.

அந்த நாட்டைப் பற்றி எங்களுக்கு என்னதான் தெரியும் என்கிறீர்கள்? ஒன்றும் தெரியாது. அங்கே ஒருவன் வெயில் வந்துவிட்டது, வெயில் வந்துவிட்டது என்று ஆனந்தமாகப் பாட்டுக் கட்டுகிறான். எங்கள் பக்கத்தில் சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது எவனாவது அப்படிப் பாடினால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்னொருவன் மழையைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறான். மழையைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவன் உருப்படுவானா என்று நானும் மெஹரும் பேசிக்கொள்வோம். ஆனால் பரீட்சையில் அப்படி எழுத முடியாது. ஆகா, என்ன அழகு என்று எழுத வேண்டும். திருச்சியிலிருந்து வரும் நோட்ஸ் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் வருடம் எங்களுக்கு ஒரு மேய்ப்பன் கதை பாடமாக இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு மேய்ப்பன். ஆட்டுக்கிடையிலிருந்து ஒரு குட்டி தொலைந்துபோகிறது. பொழுது சாய்ந்த பிறகு அதைத் தேடிப் போகிறான். பெண்டாட்டி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கிறாள். காலையில் பார்த்தால் வாசலிலிருந்து பத்தடி தூரத்தில், குட்டியை மார்போடு அணைத்தபடி அவன் செத்துக் கிடக்கிறான். அவ்வளவுதான் கதை. இரவு முழுக்க ஸ்நோ விழுந்தது என்று ஒரு வரி வரும். அந்த வரியை வாசிக்க சார் என்னை எழுப்பினார்.

நான் “இஸ்நோ” என்று வாசித்தேன். எங்கள் வாயில் ஸ்கூல் இஸ்கூல் ஆன மாதிரி அதுவும் ஆகிவிட்டது. பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. சிரிப்புக்கு உச்சரிப்பு மட்டும் காரணமில்லை. ஸ்நோ என்றால் எங்கள் ஊரில் முகத்துக்குப் பூசுவது. கண்ணாடிக் குப்பியில் வெள்ளையாக, மல்லிகை வாசனையோடு இருக்கும். கல்யாணச் சீரில் பவுடர், ஸ்நோ, சீப்பு, கண்ணாடி என்று தட்டில் வைப்பார்கள். இரவு முழுக்க ஸ்நோ விழுந்தது என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். எனக்கும் அதுவரை அந்த ஒரு ஸ்நோவைத்தான் தெரியும். சார் புத்தகத்தை இறக்காமலே, “ஸ்நோ மீன்ஸ் ஸ்நோ” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

நான் விடவில்லை. நூலகத்தில் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். ஸ்நோ: பனி. அப்பாடா என்று இருந்தது. பனியா? பனியை எனக்குத் தெரியாதா? இந்த மூன்று வருடத்தில் அந்த நாட்டிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே ஒரு பொருள் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது என்று அத்தனை சந்தோஷம். அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். மூடாமல் அடுத்த வரியையும் படித்திருக்கலாம்.

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களில் அரியலூரில் அந்தக் காலத்தில் இறங்கிய பனி சாதாரணப் பனி இல்லை. விடியற்காலையில் வாசலில் நின்று கையை நீட்டினால் விரல் தெரியாது. ரயில் டிரைவருக்கு சிக்னல் தெரியாது. அதனால் கேங்மேன்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர்கள் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் வட்டமாகத் தகரடப்பி மாதிரி ஒன்றைப் பிணைத்து வைக்க வேண்டும். அதற்கு வேட்டு என்று பெயர். எஞ்சின் சக்கரம் ஏறினால் டமார் என்று வெடிக்கும். டிரைவர் சிக்னல் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். வேட்டு வைத்தவர் தண்டவாளத்தைவிட்டு விலகி நிற்க வேண்டும். எந்தப் பக்கம் விலகுவது, ரயில் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதெல்லாம் அந்தப் பனியில் அவர் காதுக்குத்தான் தெரியும்.

அப்பா தலையில் துண்டைக் கட்டி, அதன்மேல் சாக்கை மடித்துத் தலையும் முதுகும் மூடுகிற கொங்காணியாகப் போட்டுக்கொண்டு போவார். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் காணாமல் போய்விடுவார். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருப்பாள். அடுப்புப் பற்றவைக்க மாட்டாள், பேச மாட்டாள், என்னையும் பேச விடமாட்டாள். வேட்டுச் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்டு, ரயிலும் போய், அப்பாவின் இருமல் சத்தம் பனிக்குள்ளிருந்து வரும்வரை எனக்கு மூச்சு பாதிதான் ஓடும். இருமல் வந்ததும் அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே போய் சுக்குத் தட்டுவாள். பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், கவனிக்காமல் விட்டால் ஜன்னி கண்டு ஆளையே கொண்டுபோய்விடும். பனி என்றால் எனக்கு இதுதான்.

பரீட்சையில் மேய்ப்பன் வந்துவிட்டான். பெரிய கேள்வி. அவன் சாவுக்கு விதி காரணமா, அவனே காரணமா என்று கட்டுரை எழுத வேண்டும். நோட்ஸில் அந்தக் கேள்வியே கிடையாது. எனக்கு ஒரு நிமிடம் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம், பயப்படாதே, பனிதானே, உனக்குத் தெரிந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அன்று வந்த வேகம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

என்ன எழுதினேன் என்று இன்றுவரை ஒரு வரி மறக்கவில்லை. மேய்ப்பன் அஜாக்கிரதையானவன் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் கிடை போடுகிறவர்கள் மார்கழி முழுக்கத் திறந்த வயலில்தான் படுக்கிறார்கள், அவர்களெல்லாம் செத்தா போகிறார்கள்? இவன் தலையில் துண்டு கட்டவில்லை, கொங்காணி போடவில்லை. ஒரே ராத்திரியில் பனியால் யாரும் சாவதில்லை. காய்ச்சலில் நாலு நாள் கிடந்து, ஜன்னி கண்டுதான் செத்திருப்பான். கதாசிரியர் அந்த நாலு நாளை எழுத மறந்துவிட்டார் என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். பெண்டாட்டி நேரத்துக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் எழுதினேன். சுக்குக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் சுக்கு என்றே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்தேன்.

கடைசியில் இடம் மிச்சம் இருந்தது. வாசலில் விளக்கோடு நிற்கிற அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அது நானாக எழுதியது என்று சொல்ல முடியாது. பத்தடி தூரத்தில் இருப்பவன் தெரியமாட்டான், கூப்பிட்டாலும் குரல் திரும்பி வந்துவிடும், அவள் கண்ணால் தேடவில்லை, காதால் தேடுகிறாள், ஒரு இருமல் சத்தம் கேட்டால் போதும் என்று நிற்கிறாள் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது மணி அடித்துவிட்டது. நான் பாஸ் என்ற நினைப்போடு வெளியே வந்தேன்.

அதுதான் கடைசிப் பரீட்சை. மெஹரும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். சித்திரை வெயில் தலையைப் பிளந்தது. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் நான்தான் வாயாடிக்கொண்டு வந்தேன். மேய்ப்பன் கேள்வி எழுதினாயா என்று மெஹர் கேட்டாள். பிரமாதமாக எழுதியிருக்கிறேன் என்றேன்.

“எப்புடி செத்தான்னு எழுதுன?”

“காய்ச்சல்லதான். பனி எறங்கி ஜன்னி வந்துருச்சு.”

அவள் நடையை நிறுத்திவிட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டு மூலையிலிருந்த சர்பத் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மரத்தூளும் சாக்கும் சுற்றி ஒரு ஐஸ் பாளம் வைத்திருப்பார்கள். கடைக்காரர் அதைச் சீவிச் சீவி டம்ளரில் போடுவார். மெஹர் அவரிடம் கேட்டு ஒரு கை நிறைய ஐஸ் சீவலை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை வலித்தது. அப்புறம் எரிந்தது. அப்புறம் என் கை எனக்கே இல்லாத மாதிரி மரத்துப்போனது. விடுடி என்றேன். அவள் விடவில்லை.

“ஸ்நோன்னா இதுதான்டி. இது வானத்துலேர்ந்து விழும். வூட்டுக் கதவு மறையற அளவுக்கு விழும். அவன் அதுல பொதஞ்சு வெறச்சுப் போயி செத்துருக்கான். நீ சொல்ற பனியில்ல அது.”

அவள் மாமு கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த காலண்டரில் அப்படி ஒரு படம் அவள் வீட்டில் தொங்குகிறதாம். முதலில் பார்த்தபோது பஞ்சு மூட்டை அவிழ்ந்து கொட்டிவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாளாம், மாமுதான் விளக்கிச் சொன்னாராம். எனக்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. கையிலிருந்து தண்ணீர் ஒழுகிப் பாவாடை நனைந்தது. நான் கதாசிரியரையே திட்டி எழுதியிருக்கிறேனே! சுக்குக் கஷாயம் என்று எழுதியிருக்கிறேனே! திருத்துகிறவர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சிரிப்பார். முட்டை போடுவார். பேப்பர் போகும். ஆவணியில் விக்கிரமங்கலம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

மெஹர் எனக்குத் தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி இருந்த தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பெரம்பலூர் பஸ் ஒன்று வந்தது, போய்விட்டது. இன்னொன்றும் போனது. அவள் ஏறவில்லை. நீ பயப்படாதே, பயப்படாதே என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “ஒனக்காக நான் துஆ கேக்கறேன், பாஸாயிருவ பாரு” என்றாள். நீ எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அப்புறம் வந்த கோடையை எப்படிச் சொல்லுவேன். அக்னி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கிறது. தண்டவாளத்தில் கால் வைத்தால் தோல் உரிந்துவிடும். அப்பா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருவார். அந்த வெயிலில் நான் ஒருத்தி மட்டும் ஸ்நோவை நினைத்து நடுங்கிக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் வெள்ளையாக விழுகிறது. மேய்ப்பன் எழுந்து உட்கார்ந்து, எனக்கு எப்போடி காய்ச்சல் வந்தது என்று கேட்கிறான். சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டு அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. கஷாயத்துக்கு இப்படி அழுகிற பெண்ணை ஊரில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

நடுவில் அத்தை முருங்கைக்காய்க் கட்டோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். இளைத்துவிட்டாள், நம் வீட்டுக்கு வந்தால் எருமைப் பாலில் தேறிவிடுவாள் என்று அம்மாவிடம் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது. அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை அவர் கட்டிலருகே போய் நின்றேன். ஸ்நோவுக்கும் பனிக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு எப்படி விளக்குவது? பனியில் நடுங்கி நடுங்கி வேட்டு வைத்தவரிடம் போய், நம்ம பனி பனியே இல்லையாம் அப்பா என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஆனியில் ஒருநாள் காலை அப்பா ஸ்டேஷனிலிருந்து பேப்பரோடு வந்தார். அப்போதெல்லாம் பாஸானவர்களின் நம்பரைப் பேப்பரில்தான் போடுவார்கள். உள்ளே வராமல் வெளிச்சத்துக்காக வாசலிலேயே பேப்பரை விரித்துக்கொண்டு, “உன் நம்பரச் சொல்லு பாப்பா” என்றார். எனக்கு நம்பர் தெரியும், வாய்தான் வரவில்லை. அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். மார்கழியில் நிற்கிற அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள். நான் ஹால் டிக்கெட்டை எடுத்துவந்து நீட்டினேன். அப்பா விரலை வைத்து வரிசை வரிசையாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. ஒரு தடவை ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், ஒரு தடவை பேப்பரைப் பார்த்தார். அப்புறம் இருமினார்.

“இருக்குடி” என்று அம்மாவிடம்தான் சொன்னார்.

நான் பாஸ். மேய்ப்பனை வைத்துக்கொண்டே பாஸ். அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பேப்பரைப் பிடுங்கி என் நம்பரை நானே பார்த்தேன். பரீட்சையில் எனக்கு அடுத்த நம்பர் மெஹருக்கு. மூன்று வருடமும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். அவளுடையதைச் சந்தோஷமாகப் பார்க்கப் போனேன். என் நம்பர் இருந்தது. அடுத்த நம்பர் இல்லை. அதற்கடுத்தது இருந்தது. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று பேப்பரின் அடுத்த பக்கமெல்லாம் தேடினேன். அவ்வளவு நாள் எனக்கென்றே நடுங்கிய உடம்பு அன்று முதல்முறையாக இன்னொருத்திக்காக நடுங்கியது.

அவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவள் அத்தாவும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாராம். ஒரே மூச்சில் பாஸானால் படிப்பு, இல்லாவிட்டால் நிக்காஹ். மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது.

நான் பி.எட். முடித்து, வேலையும் கிடைத்து, வேப்பந்தட்டைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. புருஷன் ரொம்ப நல்லவர், சென்னைக்குக் குடிபோகப் போகிறோம் என்றாள். எதில் போனது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இங்கிலாந்து வரலாறு என்றாள். “ராசாக்க வரிசையில மாட்டிக்கிட்டேன்டி. மேய்ப்பன நான் ஒழுங்காத்தான் எழுதுனேன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் அத்தா போட்ட கண்டிஷனை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை, உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

“ரெண்டு பேர்ல ஒருத்திதானடி பயப்பட முடியும். நீ பயந்துக்கிட்டே இருந்தியா, எனக்குப் பயப்பட எடமே இல்லாமப் போச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, போயிட்டு வரேன் என்று ஏறிவிட்டாள். சென்னை விலாசத்தைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை.

அந்தப் பேப்பரை எந்த ஊரில் யார் திருத்தினாரோ தெரியாது. சுக்குக் கஷாயத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து மார்க் போட்டாரா, வாசலில் நின்ற பெண்ணுக்குப் போட்டாரா, தூக்கக் கலக்கத்தில் போட்டாரா, அதுவும் தெரியாது. நான் டீச்சராக இருந்தவரை ஸ்நோ என்று பாடத்தில் வந்தால் ஐஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளின் கையில் வைத்து மூடிவிடுவேன். டீச்சர், எரியுது டீச்சர் என்று கத்துவார்கள். இன்னும் கொஞ்ச நேரம் என்பேன்.

இப்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சர்பத் கடை இல்லை. செல்போன் கடை இருக்கிறது. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். தண்டவாளத்தில் வேட்டு வெடித்துக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அப்பா இல்லை, வாசற்படியில் நின்ற அம்மாவும் இல்லை. மார்கழி வருகிறது, போகிறது. விரலை மறைக்கிற அந்தப் பனியைக் காணோம். காலையில் மல்லிச்செடி இலையைத் தொட்டால் ஈரத்தோடு சிமெண்டு ஆலைத் தூசிதான் கையில் ஒட்டுகிறது.

மகள் அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன்னால் ஒரு கை நிறைய ஸ்நோவை அள்ளிக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினாள். சர்பத் கடையில் சீவியது மாதிரியே இருந்தது. அது அவள் விரலிடுக்கில் ஒழுகியது. இதை வீடியோவாக எடுத்து அனுப்புடி என்று கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன். வெங்காயக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அண்ணன் மகன் இருந்தான், கூட வேலை பார்த்த டீச்சர்கள் இருந்தார்கள், எனக்குப் பதில் வேறொருத்தியைக் கட்டிய அத்தை மகன்கூட இருந்தார். இதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்ப வேண்டும். அன்று பேப்பரில் இல்லாத நம்பர்தான் இன்று என் போனிலும் இல்லை.